செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் புரோகிராமிங் தொடங்குபவர்களுக்கு: கடை வாசலிலிருந்து முதல் கமிட் வரை

கல்லூரியில் சேர்ந்ததும், அல்லது வேலை மாறி மென்பொருள் பக்கம் வரலாம் என்று முடிவெடுத்ததும், எல்லோரும் கேட்பது எந்த லேப்டாப் வாங்கலாம் என்பதுதான். கையில் முப்பதாயிரம் இருக்கிறது என்பார்கள். அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் புது லேப்டாப்பில் பெரும்பாலும் 8 ஜிபி ரேம், மங்கலான திரை, அழுத்தினால் உள்வாங்கும் கீபோர்டு. பலவற்றில் ரேமும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், பிறகு கூட்ட முடியாது.

அதே பணத்தில், ஏதோ ஒரு கம்பெனி மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்த பிசினஸ் லேப்டாப்பை வாங்கி 16 ஜிபி ரேமோடு உட்காரலாம். புரோகிராமிங் கற்றுக்கொள்ள இதுதான் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். என் தம்பிக்கும் அவன் நண்பர்கள் சிலருக்கும் வாங்கிக் கொடுத்து, லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம்) ஏற்றி, கிட்ஹப் (எழுதிய புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளம்) வரை கொண்டுவந்து நிறுத்தியதற்குள் நிறைய அலைச்சல். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஐபோன் ஆப் எழுத வேண்டும் என்றால் மேக் கணினி இல்லாமல் முடியாது. கேம் ஆடுவதும் மெஷின் லேர்னிங் மாடல்களைச் சொந்தக் கணினியில் பயிற்றுவிப்பதும் உங்கள் திட்டம் என்றால் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். வெப், பைதான், ஜாவா, டேட்டாபேஸ், ஆண்ட்ராய்டு என்று போகிறவர்கள் மேலே படியுங்கள்.

1. பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

இருக்கிற தொகை முழுவதையும் லேப்டாப்பிலேயே போட்டுவிடாதீர்கள். சென்னையில் நான் விசாரித்தவரை, எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 உள்ள பிசினஸ் லேப்டாப் 18,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பென் டிரைவுக்கு 500 ரூபாய். சார்ஜர் சரியில்லை என்றால் அதற்கு இன்னொரு 1,500 முதல் 2,500 வரை. மீதியை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலைகள் வேகமாக ஏறின. அதற்கு முன் எழுதப்பட்ட வீடியோக்களையும் கட்டுரைகளையும் நம்பி "8 ஜிபி வாங்கிவிட்டு அப்புறம் மலிவாக ஏற்றிக்கொள்ளலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே மாடலில் 8 ஜிபி உள்ளதன் விலையையும் 16 ஜிபி உள்ளதன் விலையையும் கேட்டு, அன்றைய தேதியில் தனியாக ரேம் வாங்கினால் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பல நேரம் ஏற்கெனவே 16 ஜிபி போட்டிருக்கும் கணினியே லாபம்.

2. மாடலைத் தேர்ந்தெடுப்பது

இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஏழாம் தலைமுறை வரை, லேப்டாப்பில் வரும் யு வகை ஐ5 சிப்புகளில் இரண்டு கோர்தான். எட்டாம் தலைமுறையில் அது நான்கானது. ஐ5-7200யு, ஐ5-8250யு இரண்டும் கடைக்காரர் வாயில் "ஐ5" என்றே வரும். டாக்கரையும் (புரோகிராம்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி) பிரவுசரையும் எடிட்டரையும் ஒன்றாகத் திறந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வதும், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. 12,000 ரூபாய்க்கு ஐ7 என்று யாராவது காட்டினால் பெரும்பாலும் அந்த வகைதான். தலைமுறை எண்ணைக் கேளுங்கள்.

நான் தேடச் சொல்லும் மாடல்கள் மூன்று: லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாடிட்யூட் 7490 அல்லது 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5. இவற்றில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. பின்மூடியைக் கழற்றி நீங்களே மாற்றலாம். யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகும் (டெல்லில் சில கணினிகளில் அந்த வசதி இராது, கேட்டுப் பாருங்கள்).

பெயரில் ஓர் எழுத்து கூடினால் கதையே மாறும். டி480எஸ் என்பது மெல்லிய வகை. அதில் ஒரு பங்கு ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, ஸ்லாட் ஒன்றுதான் இருக்கும். எக்ஸ்1 கார்பன் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ரேமை மாற்றவே முடியாது. வாங்கும்போது எத்தனை ஜிபியோ கடைசிவரை அத்தனைதான்.

இவற்றில் எனக்குப் பிடித்தது டி480. உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொரு பேட்டரி என்று இரண்டு இருக்கும். வெளிப் பேட்டரி வீணானால் கணினியை அணைக்காமலே கழற்றி வேறு போடலாம். கீபோர்டு, இந்த விலையில் கிடைக்கும் எந்தப் புது லேப்டாப்பையும் விட நன்றாக இருக்கும். ஆனால் இந்த மாடலின் யூஎஸ்பி-சி தண்டர்போல்ட் போர்ட்டை இயக்கும் உள் மென்பொருளில் (ஃபர்ம்வேர்) ஒரு குறை இருந்தது. லெனோவோ பிறகு அதற்கு அப்டேட் வெளியிட்டது. அந்த அப்டேட் செய்யாமலே ஓடிய கணினிகளில் போர்ட் கெட்டுப்போயிருக்க வாய்ப்புண்டு. கடையிலேயே இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்.

3. கடைக்குப் போவதற்கு முந்தைய நாள்

8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவில் லினக்ஸை லைவ் முறையில், அதாவது கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும்படி, ஏற்றி எடுத்துப் போங்கள். கடைக்காரர் போட்டிருக்கும் விண்டோஸ் காட்டுவதை நம்பிச் சோதிப்பதும், நீங்கள் கொண்டுபோன சிஸ்டத்தில் சோதிப்பதும் ஒன்றல்ல.

லினக்ஸில் பல வகை உண்டு, லினக்ஸ் மின்ட் போதும். கோப்பு 3 ஜிபியை ஒட்டி வரும். உபுண்டு என்றால் கிட்டத்தட்ட 6 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் போன் டேட்டாவில் இதை இறக்க நினைக்காதீர்கள், பாதியில் நின்றுவிடும். நண்பர் வீட்டு வைஃபையிலோ கல்லூரியிலோ இறக்குங்கள். இறக்கியதும் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள். அரைகுறைக் கோப்பில் இன்ஸ்டால் செய்யப் போய் பாதியில் விநோதமான எரர் வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும். கோப்பைப் பென் டிரைவில் ஏற்ற, விண்டோஸில் ரூஃபஸ், எந்தச் சிஸ்டத்திலும் பலேனா எட்சர். இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காலிசெய்துகொள்ளுங்கள்.

சென்னையில் என்றால் ரிச்சி தெரு. வார நாளில், முற்பகலில் போங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஒரு லேப்டாப்பை அரை மணி நேரம் நிதானமாகச் சோதிக்க எந்தக் கடையிலும் விடமாட்டார்கள். ஆன்லைனில் வாங்குவதானால், திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், கூரியர் செலவு யாருடையது என்பதை முதலில் படியுங்கள். கீழே சொல்லும் சோதனைகளைப் பெட்டி வந்த அன்றே செய்யுங்கள்.

4. கடையில் அரை மணி நேரம்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வரிசையும் முக்கியம்.

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை. லெனோவோவில் கணினி தொடங்கும்போது எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. உள்ளே நுழைய பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கணினியை அப்படியே கீழே வையுங்கள். "அதெல்லாம் எடுத்துத் தந்துடலாம் தம்பி" என்பார்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை எளிதில் நீக்க முடியாது, போர்டையே மாற்ற வேண்டி வரலாம். அது இல்லாமல் பல அமைப்புகளை உங்களால் தொடவே முடியாது.

பயாஸில் மூன்று விஷயம் பாருங்கள். பிராசஸரின் பெயர், ரேம் அளவு, சீரியல் எண். நான் போன ஒரு கடையில் மூடியில் ஐ7 ஸ்டிக்கர், பயாஸில் ஐ5. ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது, ஒட்டிவிடுகிறார்கள். சீரியல் எண் அடிப்பக்கம் ஒட்டியிருப்பதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். டெல்லில் இதை சர்வீஸ் டேக் என்பார்கள், ஏழு எழுத்து இருக்கும். பொருந்தவில்லை என்றால் போர்டோ மூடியோ மாற்றப்பட்டிருக்கிறது. எண்ணைப் போனிலேயே நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் அடித்தால் எந்த நாட்டுக்கு, எப்போது விற்கப்பட்டது என்று காட்டும்.

அதே பயாஸில் செக்யூரிட்டிப் பகுதியில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற பெயர் இருக்கும். அது ஆக்டிவேட் ஆகியிருந்தால் பழைய கம்பெனி இன்னும் அந்தக் கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த முடியும் என்று அர்த்தம். வேண்டாம். விண்டோஸை முதல்முறை தொடங்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சல் கேட்டாலும் அதே கதைதான்: அந்தக் கம்பெனி அதைத் தன் பட்டியலிலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை.

அடுத்து பென் டிரைவைச் செருகி, பூட் மெனுவிலிருந்து லினக்ஸைத் தொடங்குங்கள். லெனோவோ, டெல் இரண்டிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. திரைக்கு வந்ததும்:

டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்துங்கள். பழைய கீபோர்டில் முதலில் போவது ஸ்பேஸ், என்டர், இடது ஷிஃப்ட். புரோகிராம் எழுதுபவருக்கு அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளியும் அதே அளவு முக்கியம், அவற்றையும் பாருங்கள்.

டிஸ்க்ஸ் என்ற கருவியில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் விவரத்தைத் திறங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு தேய்ந்தது என்று காட்டும். ஓடிய நேரம் அதிகம் என்பதற்காகப் பயப்பட வேண்டாம், அலுவலகக் கணினி ஓடத்தான் செய்யும். பிழைகள் பதிவாகியிருந்தால்தான் வேண்டாம்.

பேட்டரிக்கு பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் திரையில் இரண்டு எண்கள் இருக்கும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஆனால் நிற்கும் கொள்ளளவு. உதாரணமாக 24 வாட்-ஹவர் பேட்டரி இப்போது 17 காட்டினால் ஏறக்குறைய எழுபது சதவீதம், பரவாயில்லை. 10 காட்டினால் புதுப் பேட்டரியின் விலையை லேப்டாப் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பேரம் பேச இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. "பேக்கப் நாலு மணி நேரம் வரும்" என்ற வாய்வார்த்தைக்கு எதிரே அந்த எண்ணைக் காட்டினால் கடைக்காரரும் இறங்கி வருவார்.

பிறகு எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் கடையில் உள்ள மானிட்டரோடு இணைக்கச் சொல்லுங்கள். வைஃபைக்கு உங்கள் போன் ஹாட்ஸ்பாட். கேமரா, மைக், ஹெட்போன் துளை. திரை முழுக்க வெள்ளைப் படம், பிறகு கருப்புப் படம். மூடியை மெதுவாகத் திறந்து மூடி கீல் இறுகலாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, நல்ல தரத்தில் ஒரு வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். சூடாகி அணைந்துபோனால் உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது அதைவிடப் பெரிய கோளாறு இருக்கும்.

சார்ஜரையும் மறக்காமல் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாத மலிவுச் சார்ஜர் போர்டையே எரித்துவிடக்கூடும். 65 வாட் போதும்.

5. பில்: இது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

பில்லில் இருக்க வேண்டியவை: கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், லேப்டாப்பின் மாடல், சீரியல் எண், ரேம் மற்றும் எஸ்எஸ்டி அளவு, "பழையது" அல்லது "ரீஃபர்பிஷ்டு" என்ற குறிப்பு, வாரண்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் பொருந்தும். வாரண்டியை எழுதித்தான் வாங்க வேண்டும். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் வாரண்டி இல்லை என்று பெரும்பாலும் சொல்வார்கள், அது சாதாரணம். போர்டுக்கும் திரைக்குமாவது மூன்று மாதம் கேளுங்கள்.

"பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு வரும். அந்த ஆயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். கணினி திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போகும்போது நீங்கள் காட்ட ஒரு காகிதம் வேண்டும். வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கவும் அதே காகிதம்தான் வேண்டும். பணத்தை யூபிஐ வழியாகவே கொடுங்கள், கடையின் பெயருக்கே போகிறதா என்று பாருங்கள். தனி ஆளிடம் வாங்கினால் அவர் முதலில் வாங்கிய பில்லின் நகலையும், விற்றதாகக் கையெழுத்திட்ட ஒரு தாளையும், அடையாள அட்டை நகலையும் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

6. லினக்ஸ் ஏற்றுவது

கடைக்காரர் போட்டுத் தந்த விண்டோஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். எந்த ஆக்டிவேட்டரை ஓட்டி லைசன்ஸ் காட்டியிருக்கிறார்கள் என்று தெரியாது, அவற்றோடு வைரஸும் வரும். பிசினஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ் லைசன்ஸ் போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி அதே வகையைப் புதிதாக நிறுவினால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், பணம் கட்ட வேண்டியதில்லை.

லினக்ஸ் மட்டும் போதுமா? கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தைய ஆன்லைன் தேர்வுகளில் பூட்டிய பிரவுசர் (தேர்வைத் தவிர வேறெதையும் திறக்கவிடாதது) கேட்பார்கள். அவற்றில் பல லினக்ஸில் ஓடாது. தேர்வு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இது தெரியவந்தால் எதுவும் செய்ய முடியாது. அவர்கள் விண்டோஸையும் வைத்துக்கொண்டு டூயல் பூட் போடுங்கள். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ், இந்த வரிசையில்தான்.

இன்ஸ்டால் ஆக அரை மணி நேரம். ஆனால் மூன்று இடத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியையே காட்டாது. டெல் லாடிட்யூடில் இது அடிக்கடி நடக்கும். பயாஸில் சாட்டா அமைப்பு ரெய்டு என்று இருக்கும், அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரிந்துவிடும். விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் இதை மாற்றியதும் அது தொடங்காமல் போகலாம். அதனால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸில் இது ஆனாகியிருந்தால், பயாஸில் கை வைத்த பிறகு 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். முன்பே குறித்து வையுங்கள் அல்லது அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது கடிகாரம். டூயல் பூட்டில் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். கணினி கெடவில்லை. லினக்ஸ் போர்டு கடிகாரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் உள்ளூர் நேரத்தை வைக்கும்படி ஒரே ஒரு கட்டளையில் மாற்றலாம்.

டிஸ்க் முழுவதையும் அழித்து லினக்ஸ் மட்டும் போடும்போது, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் (பாஸ்வேர்டால் பூட்டும்) வசதி இன்ஸ்டாலரில் இருக்கும். ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும் சுமந்து போகிற கணினி, செய்துவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஐபஸ் எம்17என் பேக்கேஜை ஏற்றினால் தமிழ்99, ஒலிப்புமுறை இரண்டும் வந்துவிடும். டெர்மினலில் தமிழ் எழுத்துகள் விலகித் தெரிந்தால் உங்கள் புரோகிராமில் தவறு தேடாதீர்கள், கோப்பை எடிட்டரிலோ பிரவுசரிலோ திறந்து பாருங்கள்.

7. கருவிகள்: குறைவாக, வரிசையாக

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். எடிட்டர், கிட் (புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), ஒரு மொழி. முதல் மாதத்துக்கு இது போதும்.

எடிட்டருக்கு விஎஸ் கோட், இலவசம். எக்ஸ்டென்ஷன் போடும்போது வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள், பிரபலமானவற்றைப் போலவே பெயர் வைத்த போலிகள் உண்டு. ஏஐ கோட் உதவியாளர்களை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் முதல் மூன்று மாதம் தானாக வரி நிரப்பும் வசதியை அணைத்து வையுங்கள். எரர் செய்தியை நீங்களே படித்து, எந்த வரி என்று தேடிப் போகும் பழக்கம் கைக்கு வந்தபின் ஆன் செய்யலாம். சந்தேகம் கேட்கத் தனியாகப் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

பைதானில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. உபுண்டு 24.04இலும் அதை ஒட்டிய மின்ட்டிலும் பைதான் 3.12 ஏற்கெனவே இருக்கும். பிப் (பைதானுக்கு லைப்ரரி ஏற்றும் கருவி) வைத்து ஏதாவது லைப்ரரி போடப் போனால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று எரர் வரும். இணையத்தில் தேடினால், சிஸ்டம் பேக்கேஜ் உடைந்தாலும் பரவாயில்லை என்று பொருள்படும் நீளமான ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். சிஸ்டமே அந்தப் பைதானை நம்பி ஓடுகிறது. முதலில் பைதான்3-வென்வ் பேக்கேஜை ஏற்றுங்கள், ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனி வென்வ் (அந்தப் புராஜெக்ட்டின் லைப்ரரிகளுக்கான தனி இடம்) உருவாக்குங்கள், அதை ஆக்டிவேட் செய்த பிறகு பிப் ஓட்டுங்கள். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வின் பெயர் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்.

நோட் (ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் கருவி) வேண்டுமானால் உபுண்டுவின் ஆப்டிலிருந்து (அதன் பேக்கேஜ் ஏற்றும் கருவி) எடுக்காதீர்கள். 24.04இல் வருவது பதிப்பு 18, அதன் ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. என்விஎம் (நோட் பதிப்புகளை ஏற்றி மாற்றும் கருவி) வழியாக எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) பதிப்பை ஏற்றுங்கள். நோட்டுக்கு லைப்ரரி ஏற்றும் என்பிஎம் கட்டளைக்கு முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரம் தரும் சொல்) போடாதீர்கள், பிறகு பர்மிஷன் எரர்களில் மாட்டிக்கொள்வீர்கள். டாக்கர் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.

8. கிட்டும் கிட்ஹப்பும்

கிட்ஹப் கணக்கைக் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். படித்து முடித்ததும் அதை மூடிவிடுவார்கள், கணக்கும் கைவிட்டுப் போகும். சொந்த மின்னஞ்சலை முதன்மையாக வைத்து, கல்லூரி மின்னஞ்சலைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு-படிச் சரிபார்ப்பை ஆதென்டிகேட்டர் ஆப்பில் அமைக்கும்போது ரெகவரி கோடுகள் தருவார்கள். அவற்றைத் தாளில் அச்சிட்டு, லேப்டாப் பில்லோடு ஒரே ஃபைலில் வையுங்கள். போன் தொலைந்து, இந்தக் கோடுகளும் இல்லையென்றால் அந்தக் கணக்கை மீட்பது பெரும்பாடு.

கிட்டில் முதலில் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் அமையுங்கள். அந்த மின்னஞ்சல் ஒவ்வொரு கமிட்டிலும் (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும்) பதிந்து எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டாம் என்றால் கிட்ஹப் தரும் நோ-ரிப்ளை முகவரியைப் போடுங்கள். புஷ் செய்யும்போது, அதாவது கமிட்டுகளைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்போது, கிட்ஹப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஏற்காது, 2021 ஆகஸ்டிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். பழைய பாடங்களில் இன்னும் பாஸ்வேர்டு என்றே இருக்கும். ஈடி25519 வகை எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் இரட்டைச் சாவிக் கோப்பு) ஒன்று உருவாக்கி, அதன் பப்ளிக் பகுதியை மட்டும் கிட்ஹப் அமைப்புகளில் ஒட்டுங்கள். கோப்புப் பெயர் பப் என்று முடிவதுதான் பப்ளிக். மற்றதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு), டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இவற்றைக் கோடுக்குள் எழுதி பொது ரெப்போவில் (கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கக்கூடிய புராஜெக்ட் இடம்) ஏற்றினால், அதைத் தேடி எடுப்பதற்கென்றே ஓடும் பாட்கள் உண்டு. கிளவுட் கணக்கின் கீ என்றால் கார்டில் பெரிய பில் வந்து நிற்கும். அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்தாலும் வரலாற்றில் இருக்கும். கீயையே ரத்துசெய்து புதிது வாங்குவதுதான் வழி.

9. மாணவர் சலுகைக்கான காகிதங்கள்

கிட்ஹப் மாணவர்களுக்குப் பல கருவிகளை இலவசமாகத் தருகிறது. ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களுக்கும் ஒரு வருட மாணவர் லைசன்ஸ் உண்டு, படிக்கும்வரை புதுப்பிக்கலாம். விண்ணப்பம் திரும்பிவருவதற்கு முக்கியக் காரணம் அடையாள அட்டையில் தேதி இல்லாததுதான். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றின் அட்டையில் பெயர், துறை, ரத்த வகை எல்லாம் இருக்கும், எந்த ஆண்டு வரை செல்லும் என்பது மட்டும் இருக்காது. அப்படியானால் அலுவலகத்தில் போனஃபைடு சர்டிபிகேட் கேளுங்கள். ஆங்கிலத்தில், இந்தக் கல்வியாண்டும் வழங்கிய தேதியும் குறிப்பிட்டு, கல்லூரி முத்திரையோடு. கையெழுத்துக்குச் சில நாள் ஆகும், செமஸ்டர் தேர்வு நேரத்தில் இன்னும் தாமதமாகும். கிட்ஹப் சுயவிவரத்தில் உள்ள பெயரும் சர்டிபிகேட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னா பின்னா என்பதுகூட ஒத்திருக்க வேண்டும்.

10. பிறகு வாங்கலாம் என்பவை

முதல் கூடுதல் செலவு மானிட்டராக இருக்கட்டும். 24 அங்குல ஐபிஎஸ் திரை பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். ஒரு பக்கம் பாடம், ஒரு பக்கம் கோடு என்று வைத்துக்கொண்டால் கழுத்துக்கும் நல்லது. மெக்கானிக்கல் கீபோர்டு ஆசை இருந்தால், நம் ஊர் பில்லிங் கவுன்டர்களில் வருடக்கணக்காக அடிவாங்கும் டிவிஎஸ் கோல்டு போதும். தட்டத் தட்ட அவ்வளவு சுகம். சத்தம் அதிகம் என்பதால் ஹாஸ்டல் அறையில் இரவு பத்துக்கு மேல் வேண்டாம்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், வைஃபை ரூட்டர் நின்றுவிடும். ரூட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள். ஆன்லைன் இன்டர்வியூ வைத்திருப்பவர்கள் மானிட்டருக்கு முன் இதை வாங்குங்கள்.

11. முதல் வாரமும் வாரண்டிக் கடைசி வாரமும்

வாங்கிய ஒரு வாரத்துக்குள் கணினியை வேண்டுமென்றே நன்றாக வேலைவாங்குங்கள். மெம்டெஸ்ட் என்ற கருவியை இரவு முழுக்க ஓடவிட்டால் ரேம் கோளாறு இருந்தால் சிவப்பில் காட்டும். பேட்டரியை முழுதாகத் தீரவிட்டு எத்தனை மணி நேரம் வந்தது என்று பாருங்கள். குறை கண்டால் போட்டோவும் வீடியோவும் எடுத்து, பில் நகலோடு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அப்புறம் நேரில் போங்கள். எழுத்தில் தேதி பதிவாகட்டும்.

வாரண்டி முடியும் தேதிக்குப் பத்து நாள் முன்பாகப் போன் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். அன்று நான்காம் பகுதியில் சொன்ன சோதனைகளை மறுபடி ஒருமுறை முழுக்கச் செய்யுங்கள். கடையில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டி வந்தால் எழுதிய கோடு முழுவதையும் கிட்ஹப்பில் புஷ் செய்து, மற்றக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, முடிந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கொடுத்ததற்கும் கடையில் ரசீது கேளுங்கள், அதிலும் சீரியல் எண் இருக்க வேண்டும்.